உங்களுக்குத் தெரியுமா? காருக்குள்ளேயே அருவிக் குளியல்!

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருக்கிறது கிளேசியர் தேசியப் பூங்கா. அதன் குறுக்கே மலையேறிப் போகும் சாலையின் நீளம் சுமார் 80 கிலோமீட்டர். 1933-இல் திறப்புவிழா கண்டது. பெயர் ‘கோயிங் டு தி சன்’, அதாவது சூரியனை நோக்கிப் போகும் சாலை!

இதில் ‘அழும் சுவர்’ என்றொரு இடம். பாறை இடுக்குகளிலிருந்து தண்ணீர் நேரே சாலையோரத்தில் கொட்டுகிறது. பனி உருகும் நாட்களில், மேலிருந்து இறங்கும் வண்டிகள் பாறையை ஒட்டியே போகவேண்டும். கண்ணாடியை ஏற்ற மறந்தால் சட்டை தொப்பலாகிவிடும். ஆகஸ்ட் கடைசியில் போனால் வெறும் கசிவுதான். வேடிக்கை என்னவென்றால், சாலைக்காக வெடிவைத்து மலையை உடைத்தபோது வெளிப்பட்ட ஊற்று இது.

முதலில் போட்ட திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. மலையின் அழகு கெட்டுவிடும் என்று தாமஸ் விண்ட் என்ற நிலவடிவமைப்பாளர் வாதாடி, ஒரே வளைவாகக் குறைத்தார். அவருக்கு ஒரு கும்பிடு! பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் ‘பறவைப் பெண்’ அருவி வெள்ளை நூலாகத் தொங்குவதை ஓட்டுநர் தவிர எல்லோரும் ரசிக்கலாம்.

உச்சியில், 2,025 மீட்டர் உயரத்தில் லோகன் கணவாய். அதற்கு மேற்கே விழும் மழை பசிபிக் கடலுக்கும், கிழக்கே விழுவது கனடாவின் ஹட்சன் விரிகுடாவுக்கும் போய்ச் சேர்கிறது.

கணவாய்க்குக் கிழக்கே பனி 80 அடி வரைகூடக் குவியும். அதை அள்ளி முடித்து முழுச் சாலையும் திறக்கப் பெரும்பாலும் ஜூன் கடைசி, ஜூலைகூட ஆகிவிடும். அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.