எண்பது ரூபாக் கடனும் ஏழு பெண்களும்

காணியை விட்டு வந்த குடும்பங்களோடு பேசும்போதெல்லாம் நாம் கேட்பது ஒன்று: "வயலும் தோட்டமும் தவிர எங்களுக்கு வேற என்ன தொழில் தெரியும்?" இதற்கு மறுமொழியாக, பம்பாயில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறோம்.

1959 மார்ச் 15இல் அந்நகரின் கிர்காவும் பகுதியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில் சமையல் ஒன்றே. முதல் 80 ரூபா. அதுவும் சமூகத் தொண்டர் சகன்லால் பரேக்கிடம் வாங்கிய கடன். அன்று தேறிய நான்கு பைக்கற்றை ஒரு வியாபாரிக்கு விற்றார்கள்.

நட்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நன்கொடையை நாம் குறைகூறவில்லை. இடம்பெயர்ந்த நாட்களில் எமது உலையை ஏற்றியது நிவாரண அரிசிதான். ஆனால் இலவசமாக வந்த தையல் இயந்திரம் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதையும் கண்டிருக்கிறோம். கடன் காசு ஆளைச் சும்மா இருக்க விடாது, கணக்கு எழுத வைக்கும்.

முதலில் நல்லது, மலிவானது என இரு தரத்தில் செய்தார்கள். ஒரே தரம், அதுவும் நல்ல தரம் என்றார் பரேக். பாவம் பார்த்து ஒருவர் ஒருமுறை வாங்குவார். மறுமுறை ருசிக்காகத்தான் வாங்குவார்.

முதல் ஆண்டு மழையில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். படங்குக்குக் கீழே மாரியைக் கழித்த எம்மவருக்கு இந்தக் கட்டிலின் அருமை விளங்கும்.

லிஜ்ஜத் என்ற பெயரில் வளர்ந்த இம்முயற்சி 1966இல் சங்கமாகப் பதிவானது. உழைக்கும் பெண்ணே அதில் உரிமையாளர். குழைத்த மாவை நிலையத்தில் வாங்கி, வீட்டில் பிள்ளைகளையும் பார்த்தபடி அப்பளம் இட்டு, மறுநாள் கொடுத்துக் கூலி பெறுகிறார். இலாபமும் நட்டமும் எல்லோருக்கும் பங்கு. இன்று அங்கத்தவர் 40,000க்கு மேல். சமூக நோக்கம் என்று நாம் சொல்வது இந்தப் பங்கீட்டைத்தான். பொருளைச் சும்மா கொடுப்பதை அன்று.

அப்பளத்துக்கு வேண்டிய உழுந்து எமது வவுனியா மண்ணிலேயே விளைகிறது. அறுவடை நேரம் வந்த விலைக்கு விற்றுவிட்டு, அதையே அப்பளமாகக் கடையில் வாங்குகிறோம். அதற்காக எல்லோரும் அப்பளம் இடப் புறப்பட்டால் வாங்க ஆளிராது! ஓரிடத்துக்கு ஒடியல் மா பொருந்தலாம், இன்னோரிடத்துக்கு மிளகாய்த்தூள்.

அயலில் ஏழு பேர் சேருங்கள். மூலப்பொருள், விறகு, பொதி, பஸ் கூலி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் நான்கு பைக்கற்றை வாங்கப்போகும் கடைக்காரர் யார் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். கடன் மனுவைப் பிறகு எழுதலாம்.