நீரிழிவும் சிறுநீரகமும்: ஆபத்துக் காரணிகளின் சமூக அடிப்படை

இரண்டாம் வகை நீரிழிவுடையோரின் சிறுநீரகங்கள் பழுதுறுவதற்குக் குருதியில் குளுக்கோசு மிகுதல், உயர் குருதியமுக்கம், நோய் நீண்டகாலம் நீடித்தல், உடற்பருமன், புகைத்தல், பரம்பரை ஆகியவற்றை மருத்துவ நூல்கள் காரணிகளாகக் கூறும். குருதியை வடிகட்டும் நுண்கலங்கள் பழுதடையவே, அல்புமின் என்னும் புரதம் சிறுநீரிற் கசியத் தொடங்குகின்றது. இந்நிலையில் நோயாளி எதனையும் உணர்வதில்லை. சிறுநீர்ச் சோதனையே அதனைக் காட்டும். மேற்கூறிய பட்டியல் தவறானதன்று. ஆயின், அது காரணிகளைத் தனிமனிதரின் இயல்புகளாக மட்டுமே காட்டி அமைந்துவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீமா பழங்குடியினரின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். கீலா ஆற்றுநீரை வாய்க்கால்வழிப் பாய்ச்சி வேளாண்மை செய்துவந்தவர் இவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறியோர் அந்நீரைத் தம் நிலங்களுக்குத் திருப்பிக்கொண்டனர். வயல்கள் வறண்டன, பஞ்சம் வந்தது. காலப்போக்கில் உழைப்பு முறையும் உணவு முறையும் மாறின. அரசு வழங்கிய கோதுமை மா, பன்றிக் கொழுப்பு, சீனி ஆகியன உணவில் இடம்பெற்றன. 1965இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, உலகில் நீரிழிவு மிக அதிகமாகக் காணப்படும் மக்களுள் இவர்களும் அடங்குவர் எனக் காட்டிற்று. இளவயதிலேயே நோயுற்றோர் பலர் நடுவயதிற் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாயினர்.

இது பரம்பரையின் விளைவே என்பர் சிலர். பரம்பரைக்குப் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், 2006இல் வெளியான ஓர் ஒப்பாய்வின்படி, மெக்சிக்கோவின் மலைப்பகுதியிற் கடும் உடலுழைப்போடு வாழும் பீமா மக்களிடையே நீரிழிவு ஏறத்தாழ 7 வீதம்; அவர்தம் உறவினரான அரிசோனாப் பீமா மக்களிடையே அது 38 வீதம். குருதியுறவு ஒன்றே, வாழ்நிலை வேறு.

பிறிதொரு சான்றும் மனங்கொள்ளத்தக்கது. ஐக்கிய அமெரிக்கப் பழங்குடியினருக்கான சிறப்பு நீரிழிவுத் திட்டம் 1997இல் உருவாயிற்று. ஒழுங்கான சிறுநீரகச் சோதனை, குருதியமுக்கக் கட்டுப்பாடு, சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள், சமூக மட்டத்திலான பராமரிப்பு ஆகியன பரவலாயின. 1996க்கும் 2013க்கும் இடையில், அம்மக்களுள் வயதுவந்தோரிடையே நீரிழிவால் நேரும் சிறுநீரகச் செயலிழப்பு 54 வீதத்தால் வீழ்ந்தது. இக்குறுகிய காலத்திற் பரம்பரை மாறிவிடவில்லை.

எனவே, நோயாளியின் உடலிலுள்ள காரணிகளை அளப்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. பறிக்கப்பட்ட நீரும், மாற்றப்பட்ட உணவும், கிட்டாத சோதனையும் ஆபத்துக் காரணிகளே. ஆண்டுக்கொருமுறை செய்யவேண்டிய எளிய சிறுநீர்ச் சோதனை உழைக்கும் மக்களுக்கு எட்டாதிருப்பின், அவர்களது கவனக்குறைவைக் குறைகூறுதல் அறிவியலாகாது.