பாம்பன் பாலத்தில் ஒரு கைமாற்றம்

இராமேஸ்வரம் செல்லும் இரயிலில் நீங்கள் பாம்பன் பாலத்தைக் கடந்ததுண்டா? மண்டபம் தாண்டியதும் பெட்டியிலுள்ள அனைவரும் சன்னலோரம் கூடிவிடுவர். இருபுறமும் கடல். கையில் செல்பேசி இல்லாதவர் அரிது. படம் எடுப்பதோடு நில்லாமல், அதே கணத்தில் அதை ஊருக்கு அனுப்பியும் வைக்கிறோம். அந்தப் படம் போய்ச் சேருவதற்குள் நம் கருவிக்கும் கரையிலுள்ள கோபுரங்களுக்கும் இடையே நடக்கும் பேச்சு சுவையானது.

அதற்கு முன் பாலத்தைப் பற்றி ஒரு செய்தி. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் இரயில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று சிக்னலோடு இணைக்கப்பட்டிருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். வண்டி பாலத்தில் ஏறாது. 'காற்று பலமாக வீசுகிறதே, வண்டியை விடலாமா?' என்று மதுரைக்குச் செய்தி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. புயல் வேளையில் அந்தச் செய்திக் கம்பியே அறுந்து கிடக்கலாம் அல்லவா? முடிவு அமைதியான நாளில் எடுக்கப்பட்டுவிட்டது. அதை நிறைவேற்றுவது மட்டுமே காற்றடிக்கும் நாளின் வேலை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு செல்பேசிக்கு வருவோம்.

ஒரு கோபுரம் தன் அலைகளால் ஆளும் பரப்புக்குச் 'செல்' என்று பெயர். நீங்கள் நகர நகர, உங்கள் கருவி அண்டைச் செல்களின் அலை வலிமையை அளந்துகொண்டே இருக்கும். ஒன்று வலுத்தால் அதைக் கோபுரத்துக்கு அறிக்கையாக அனுப்பும். கோபுரம் புதிய செல்லில் இடம் கேட்டுப் பெற்று, 'மாறிக்கொள்' என்று கட்டளையிடும். இதுவே கைமாற்றம்.

இப்போது ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபர் 1-இல் தொடங்கி வைக்கப்பட்டபோது, ஜியோ தனித்து இயங்கும் அமைப்பைத் தேர்ந்தது. ஏர்டெல் நான்காம் தலைமுறையைச் சார்ந்து இயங்கும் அமைப்போடு தொடங்கியது. சார்ந்து இயங்கும் முறையில் ஒரே கருவி ஒரே வேளையில் இரண்டு கோபுரங்களோடு தொடர்பு கொள்கிறது. இதற்கு இரட்டை இணைப்பு என்று பெயர். நான்காம் தலைமுறைக் கோபுரம் தலைமை. ஐந்தாம் தலைமுறைக் கோபுரம் துணை. (இரண்டும் ஒரே கம்பத்தில் இருக்கவும் கூடும்.) தலைமை இணைப்பைப் படகின் நங்கூரம் என்றால், துணை இணைப்பு அதன் பாய். வேகம் பாயால் கிடைக்கிறது. ஆனால் பாய் அடிக்கடி கிழியும். இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைக்குப் பெரிதும் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளின் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். ஒரு சுவர், ஓர் இரும்புத் தூலம், பெட்டியின் உலோகக் கூரை குறுக்கிட்டாலே அவை தளர்ந்துவிடும்.

கடற்பரப்பில் வேறொரு தொல்லை. நீருக்கு மேல் மறைக்க மரமோ வீடோ இல்லை. ஆகவே தொலைவிலுள்ள செல்களும் ஏறத்தாழ ஒரே வலிமையில் வந்து சேரக்கூடும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு கலந்து வலிமையை ஏற்றி இறக்கவும் கூடும். கருவி யாரைப் பிடிப்பது? சற்றே வலுத்தவுடன் மாறு என்றால், மண்டபத்துச் செல்லுக்கும் பாம்பன் செல்லுக்கும் இடையே பந்துபோல் அல்லாட நேரும். நன்றாக வலுக்கட்டும் என்று காத்திருந்தாலோ, பழைய இணைப்பு நலிந்து, அறிக்கை போகாது. போனாலும் கட்டளை வந்து சேராது. கட்டளை மிகவும் தேவைப்படும் கணத்தில்தான் அதைச் சுமக்கும் அலை மிகவும் மெலிந்திருக்கிறது. கைமாற்றத்தின் பழைய நோய் இது.

இரட்டை இணைப்பில் துணை அறுந்தாலும் பேச்சு அறுந்துவிடாது, நங்கூரம் தாங்கும். அப்படியானால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். பக்கத்திலேயே 1988 அக்டோபர் 2-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் இருக்கிறது. தீவிலிருந்து இராமநாதபுரத்துக்கு விரையும் ஆம்புலன்ஸ் ஒன்று, நோயாளியின் நேரடிக் காட்சியை மருத்துவருக்கு அனுப்பிக்கொண்டு அதில் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பின் வரைபடத்தை நங்கூர இணைப்பே எளிதில் சுமக்கும். தெளிவான காட்சிக்குப் பாய் வேண்டும். பாலத்தின் நடுவே காட்சி உறைந்தால் மருத்துவருக்கு நோயாளியின் மூச்சு தெரியாது.

இதற்குக் கண்ட வழிதான் நிபந்தனைக் கைமாற்றம். செல்பேசித் தரங்களை வகுக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு, துணைச் செல்லை நிபந்தனையின்பேரில் மாற்றும் முறையை 2020-இல் முடிந்த தன் 16-ஆம் வெளியீட்டில் சேர்த்தது. அப்போது ஒரே துணைக் கோபுரத்தின் செல்களுக்குள் மட்டுமே மாற முடிந்தது. நிபந்தனையின்பேரில் புதிதாகத் துணைச் செல் சேர்ப்பதும், வேறு துணைக் கோபுரத்துக்கு மாறுவதும் 2022-இல் வந்த 17-ஆம் வெளியீட்டில் இடம்பெற்றன.

வழி எளியது. அலை வலுவாக இருக்கும்போதே, அதாவது வண்டி மண்டபத்தில் நிற்கும்போதே, தலைமைக் கோபுரம் அக்கரைச் செல்களிடம் இடம் கேட்டு வைக்கிறது. கிடைத்த விவரங்களைக் கருவிக்கு அனுப்பி, 'இப்போது மாறாதே. இந்தச் செல்லின் வலிமை இந்த வரம்பைத் தாண்டி, இத்தனை மில்லிநொடி அப்படியே நிலைத்தால் நீயே மாறிக்கொள்' என்கிறது. கருவி அதைப் பையில் வைத்துக்கொள்கிறது. நிபந்தனை நிறைவேறியதும் யாரையும் கேளாமல் புதிய செல்லைப் பற்றிக்கொண்டு, 'இன்னாரைத் தேர்ந்தேன்' என்று தலைமைக்குத் தெரிவிக்கிறது. முன்பு ஒன்றாகக் கிடந்த இரண்டு வேலைகள் இங்கே பிரிந்துவிட்டன. ஏற்பாட்டைத் தாழ்ந்த வரம்பிலேயே சீக்கிரம் செய்யலாம். மாறுவதை உயர்ந்த வரம்பு வரை தள்ளிப்போடலாம். அல்லாட்டமும் குறையும், அறுபடுவதும் குறையும். 58 கிலோமீட்டர் சிக்னல் நினைவுக்கு வருகிறதா?

நிலைக்கும் நேரம் 640 மில்லிநொடி என்று கொள்வோம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 15 மீட்டர் ஓடும்; ஆக 10 மீட்டருக்குள்தான் காத்திருப்பு. கணநேரத் துள்ளலைக் கண்டு ஏமாறாதிருக்க இந்தச் சிறு பொறுமை போதும்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. 16-ஆம் வெளியீட்டின்படி ஒரு கருவியின் பையில் எட்டுச் செல்கள் வரை வைக்கலாம். எட்டிலும் இடம் பிடித்து வைத்தால், போகாத ஏழு செல்களில் இடம் வீணாகக் காத்திருக்கும். திருமணப் பந்தியில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள்! விடுமுறை நாளில் இராமேஸ்வரம் வண்டி நிறைய இப்படிப்பட்டவர்கள் இருந்தால் என்னாகும்? ஆகவே ஏதாவது ஒரு செல் நெரிசலில் திணறினால், 'என்னை நீக்கிவிடுங்கள்' என்று தலைமையிடம் கேட்கலாம். தலைமை கருவியின் பையிலிருந்தும் அதை நீக்கும். கருவி ஒன்றைத் தேர்ந்ததும் மற்றவற்றில் பிடித்த இடங்கள் விடுவிக்கப்படும். எத்தனை செல்களைச் சேர்ப்பது, வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது. என் கருத்தில், ஒரே பாதையில் ஓடும் இரயிலுக்கு இரண்டு மூன்று செல்களே போதும். எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத மோட்டார் சைக்கிளுக்குத்தான் கூடுதலாக வேண்டும்.

இன்னொரு குறை இருந்தது. 17-ஆம் வெளியீடு வரை, ஒருமுறை மாறியவுடன் பையிலிருந்த மற்றக் கட்டளைகளும் அழிந்துவிடும். பாம்பனில் இறங்காமல் அடுத்த செல்லுக்குப் போக வேண்டுமானால் ஏற்பாட்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2024-இல் நிறைவுற்ற 18-ஆம் வெளியீடு இதை மாற்றியது. முதல் மாற்றத்துக்குப் பிறகும் கட்டளைகள் பையிலேயே இருக்கும்; கருவி அவற்றைக் கொண்டு அடுத்த துணைச் செல்லுக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும், வேண்டுமானால் திரும்பப் பழைய செல்லுக்கும் மாறிக்கொள்ளும்.