விளம்பரத்தில் வரும் வில்லங்கம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆண்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன், நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். அதைப் படித்தால் கேள்வியையே சற்று மாற்றிக் கேட்பீர்கள்.

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேமிப்புக் கணக்கு கவுண்ட்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவர். பணம் எடுக்கும் படிவத்தில் உள்ள கையெழுத்தை, அலுவலகத்தில் உள்ள மாதிரிக் கையெழுத்துடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடத் தரமாட்டார். அவருக்கு அவர் மகள் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தாள். பேத்தியின் காதுகுத்து வீடியோ பென் டிரைவில் வந்தது. அது லேப்டாப்பில் ஓடவில்லை. உடனே எனக்குப் போன் செய்தார்.

"வி.எல்.சி. பிளேயர்னு ஒண்ணு இருக்கு சித்தப்பா. இலவசம்தான். அந்தப் பேரைப் போட்டுத் தேடுங்க. முதல்ல வர்றதை கிளிக் பண்ணி டவுண்லோட் பண்ணிக்கோங்க" என்றேன்.

"முதல்ல வர்றதை" என்று சொன்னதுதான் என் தவறு. தேடல் முடிவுகளில் முதலில் வந்தது பிளேயரின் தளம் அல்ல. யாரோ பணம் கொடுத்து வாங்கிய விளம்பரம். அதை கிளிக் செய்தவுடன் வந்த பக்கம் உண்மையான தளத்தைப் போலவே இருந்தது. அங்கே ஒரு சிறிய பெட்டி அனுமதி கேட்டது. 'அலோ' என்பதை அழுத்தினார். பைல் இறங்கியது. பிளேயரும் ஓடியது, காதுகுத்தையும் பார்த்தார்கள். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மூன்றாம் நாள் மானிட்டரின் மூலையில் ஒரு எச்சரிக்கை வந்தது. அதை கிளிக் செய்ததும் திரை முழுவதும் சிவப்பு. சைரன் சத்தம். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு போன் நம்பர். சித்தப்பா அழைத்தார். எதிர்முனையில் மிக மரியாதையாகப் பேசிய ஆள், அங்கிருந்தே லேப்டாப்பை இயக்குவதற்கு ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொன்னான். பிறகு, சரி செய்ய 8,500 ரூபாய் ஆகும், டெபிட் கார்டை எடுத்து வாருங்கள் என்றான். கார்டு எடுக்க எழுந்தவரை சித்திதான் நிறுத்தினார். "ஏங்க, கார்டை அப்புறம் எடுக்கலாம். மொதல்ல அவனுக்கு ஒரு போன் போடுங்க."

"சித்தப்பா, அந்த ஆள் லைன்ல இருந்தா கட் பண்ணுங்க. பவர் பட்டனை விடாம அழுத்திப் பிடிங்க" என்றேன். திரை அணைந்தது. பணம் போகவில்லை. ஆனால் சித்தப்பா கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. "நீ சொன்ன மாதிரிதானேடா பண்ணினேன்?"

ஆம், நான் சொன்ன மாதிரியேதான் செய்தார்.

நல்ல தளத்தில் கெட்ட விளம்பரம் எப்படி?

"மோசமான தளங்களுக்குப் போனால்தானே வைரஸ் வரும்?" எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது, செய்தி அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அருகில் உள்ள விளம்பரம் பெரும்பாலும் வேறொரு விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. பக்கம் திறக்கும் அந்தக் கணத்தில் அந்த இடம் ஏலம் விடப்பட்டு, அதிக விலை கேட்டவரின் விளம்பரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது என்ன விளம்பரம் என்று தளத்தின் சொந்தக்காரருக்கே முன்கூட்டித் தெரியாது. இந்த வழியில் தீய புரோகிராம்களைப் பரப்புவதற்கு 'மால்வர்டைசிங்' என்று பெயர்.

2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தளத்திலேயே இது நடந்தது. வோனேஜ் என்ற இண்டர்நெட் தொலைபேசி நிறுவனம் போல நடித்து ஒருவர் விளம்பர இடம் வாங்கினார். முதலில் ஒழுங்கான விளம்பரம் ஓடியது. வார இறுதியில் அதை மாற்றி, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று பயமுறுத்திப் போலி ஆண்ட்டி வைரஸ் விற்கும் விளம்பரத்தைப் போட்டுவிட்டார். 2014 ஜனவரியில், யாஹூ தளத்தின் விளம்பரங்கள் வழியே ஐரோப்பிய வாசகர்களின் கம்ப்யூட்டர்களுக்கு மால்வேர் சென்றது. ஜாவா புரோகிராமில் இருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தினார்கள். விளம்பரத்தை கிளிக் செய்யக்கூடத் தேவை இருக்கவில்லை.

அடோப் பிளாஷ் 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தப்பட்டது. பிரவுசர்களும் இப்போது தம்மைத் தாமே அப்டேட் செய்துகொள்கின்றன. எனவே கிளிக் செய்யாமலே உள்ளே நுழைவது முன்பு போல் எளிதல்ல. ஆகவே திருடர்கள் இப்போது கதவை உடைப்பதைவிட, நம்மையே திறக்க வைப்பதில் குறியாக இருக்கிறார்கள். 2023 தொடக்கத்தில் வி.எல்.சி., 7-ஜிப், ஓ.பி.எஸ். போன்ற இலவச புரோகிராம்களின் பெயரில் கூகுள் தேடலில் போலி விளம்பரங்கள் வந்தன. அவற்றின் வழியே பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட்களைத் திருடும் புரோகிராம்கள் பரப்பப்பட்டன.

வரும் முன் காக்க

1. தேடல் முடிவில் 'ஸ்பான்சர்ட்' என்ற சொல் இருந்தால், அது விளம்பரம். புரோகிராம் டவுண்லோட் செய்ய அதை கிளிக் செய்யாதீர்கள். கீழே இறங்கிப் பாருங்கள். இன்னும் நல்லது, தள முகவரியை நேரடியாக டைப் செய்வது. வி.எல்.சி. பிளேயருக்கு உரிய தளம் வீடியோலேன் டாட் ஓ.ஆர்.ஜி. ஆகும். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் கிடைக்கும் புரோகிராம்களை அங்கிருந்தே பெறலாம்.

2. பக்கம் திறந்தவுடன் அட்ரஸ் பாரைப் படியுங்கள். ஒரு எழுத்து கூடியிருக்கிறதா, நடுவில் ஒரு சிறு கோடு இருக்கிறதா, கடைசியில் வேறு ஏதாவது ஒட்டியிருக்கிறதா எனக் கவனியுங்கள். பூட்டு அடையாளம் இருப்பதால் மட்டும் தளம் நேர்மையானது ஆகிவிடாது. நமக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் தகவலை மற்றவர் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். எதிரில் இருப்பது திருடனாகவும் இருக்கலாம்.

3. "நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?" என்று ஒரு தளம் கேட்டால் 'பிளாக்' என்பதை கிளிக் செய்திடவும். ஏற்கனவே அனுமதி தந்திருந்தால், பிரவுசரின் செட்டிங்ஸ் சென்று, நோட்டிபிகேஷன்ஸ் பட்டியலில் தெரியாத தளங்களை நீக்குங்கள். சித்தப்பாவுக்கு வந்த எச்சரிக்கை இந்த வழியில்தான் வந்தது.

4. விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள். தேடும்போது இதைப் பயன்படுத்தும்படி அமெரிக்காவின் எப்.பி.ஐ. அமைப்பே 2022 டிசம்பரில் மக்களுக்கு அறிவுரை கூறியது. பயர்பாக்ஸ் பிரவுசருக்கு யூபிளாக் ஆரிஜின், குரோம் பிரவுசருக்கு யூபிளாக் ஆரிஜின் லைட் இலவசமாகக் கிடைக்கின்றன. இதையும் பிரவுசரின் உரிய ஸ்டோரிலிருந்து மட்டுமே பெறவும். பெயரைச் சற்று மாற்றி இதிலும் போலிகள் உண்டு.

5. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்கவும்.

6. புதுப் படங்களைத் திருட்டுத்தனமாகத் தரும் தளங்களில் நான்கு டவுண்லோட் பட்டன் இருந்தால், பெரும்பாலும் நான்குமே வில்லங்கம்தான்.

சைரன் ஒலித்தால் என்ன செய்வது?

பதற்றப்படாதீர்கள். அது ஒரு வெப் பக்கம் மட்டுமே. மைக்ரோசாப்ட் தரும் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் அது மோசடி. எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆல்ட் + எப் 4 அழுத்தவும். மூடவில்லை என்றால் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் அழுத்தி, டாஸ்க் மானேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து, 'எண்ட் டாஸ்க்' கிளிக் செய்திடவும். அதுவும் நடக்கவில்லையா? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மீண்டும் பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா எனக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யாரிடமாவது கம்ப்யூட்டரை இயக்க அனுமதி தந்துவிட்டால், முதலில் இண்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். அந்த புரோகிராமை நீக்கி, விண்டோஸ் செக்யூரிட்டியில் புல் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு வேறொரு நல்ல கம்ப்யூட்டர் அல்லது போனிலிருந்து பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். முதலில் இமெயில், அடுத்து வங்கி. பணம் போயிருந்தால் உடனே உங்கள் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிற்கும் தெரிவியுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நேரம் போகும், அதோடு பணமும் போகும்.

அந்த வாரக் கடைசியில் நான் கும்பகோணம் போய், சித்தப்பாவின் லேப்டாப்பில் விண்டோஸை முழுவதுமாக மீண்டும் பதித்தேன். பாஸ்வேர்ட்கள் அனைத்தையும் மாற்றினோம். "கவுண்ட்டர்ல மாதிரிக் கையெழுத்து பாப்பீங்கல்ல சித்தப்பா, அட்ரஸ் பார்ங்கிறது அதுதான்" என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் ஒரு நோட்டை எடுத்து வந்தார். வங்கி, இமெயில், பிளேயர் என ஒவ்வொன்றுக்கும் உரிய முகவரியை என்னைச் சொல்லச் சொல்லி எழுதிக் கொண்டார். இப்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் டைப் செய்கிறார். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். பாஸ்வேர்ட்களை அதில் எழுத வேண்டாம், முகவரிகள் போதும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். எந்த ஆண்ட்டி வைரஸ்? 2012ல் வந்த விண்டோஸ் 8 முதலே டிபண்டர் விண்டோஸுடன் சேர்ந்தே வருகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். அதை அணைக்காமல் வைத்திருங்கள். வேறு ஆண்ட்டி வைரஸ்தான் வேண்டும் என்றாலும் சரி, ஆனால் அதை விளம்பரத்தில் பார்த்து டவுண்லோட் செய்யாதீர்கள்.