மாயா மண்குவளைகளில் புராணக் காட்சிகள்

நடு அமெரிக்காவின் மாயா மக்கள் மரப்பட்டைத் தாளில் நூல்கள் எழுதி வைத்திருந்தனர். 1562இல் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தெ லாந்தா, மானி என்னும் ஊரில் அவற்றுள் பலவற்றைத் தீயிட்டார். இன்று எஞ்சியிருப்பவை நான்கு மட்டுமே. ஆனால் கி.பி. 250 முதல் 900 வரையிலான காலத்து மண்குவளைகள் நிறையத் தப்பின. பல, கல்லறைகளுக்குள் இறந்தவரோடு வைக்கப்பட்டிருந்தவை.

இவற்றைச் செய்தவர்களிடம் குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணைத் திரியாக உருட்டி, சுற்றி அடுக்கி, வழவழப்பாக்கி, நிறமண் குழம்பால் வரைந்து சுட்டனர். வாய் விளிம்பைச் சுற்றி எழுத்துகள் ஓடும்: இது இன்னாருடைய குவளை, கொக்கோ பானம் அருந்துவதற்கு.

உடற்பகுதியில் இருப்பது கதை. அதைப் படிக்கப் பெரிதும் உதவுவது, 16ஆம் நூற்றாண்டில் கீசே மொழியில் எழுதப்பட்ட போபோல் வூ. அதில் ஹுனாபு, இஷ்பலங்கே என்னும் இரட்டையர் ஊதுகுழலால் மண் உருண்டை எய்து, தன்னையே சூரியன் என்று பீற்றிக்கொண்ட பறவையை வீழ்த்துகின்றனர். ஒரு குவளையில் அதே காட்சி: மரத்தில் இறங்கும் பறவை, கீழே ஊதுகுழலோடு ஒருவன். உடலில் கரும்புள்ளிகள் இருப்பதால் அவன் ஹுனாபு. சிறுத்தைத் தோல் திட்டுகள் இருந்தால் இஷ்பலங்கே. ஆனால் அந்த மரத்தடியில் ஒரு பெரிய தேளும் இருக்கிறது. நூலின் அந்தக் காட்சியில் தேளே இல்லை!

நூலுக்கும் குவளைக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் என்பதை இங்கே மறக்கக் கூடாது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு தட்டில், வெடித்த ஆமை ஓட்டிலிருந்து மக்காச்சோளக் கடவுள் எழுகிறார், இருபுறமும் இரட்டையர். அவரை இரட்டையரின் தந்தையாகவே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நூலிலோ அவர்களால் தந்தையை முழுமையாக மீட்க முடியவில்லை. ஆகவே படத்தை நூலுக்கு விளக்கப்படம்போலப் பார்ப்பது தவறு. அது தனிச் சான்று.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். தெரிந்த கதை ஒன்றைத் தாளில் வரைந்து டம்ளரைச் சுற்றி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த குழு அதைச் சுழற்றிப் பார்த்துக் கதை எங்கே தொடங்குகிறது என்று சொல்லட்டும். உருளைக்குத் தொடக்கம் இல்லை. ஜஸ்டின் கெர் 1970களில் உருவாக்கிய கேமரா, சுழலும் குவளையை ஒரே நீளப் படமாக விரித்துக் காட்டியது. ஆய்வுக்கு அது பேருதவி. என்றாலும், எங்கே வெட்டி விரிப்பது என்பது எடுப்பவரின் முடிவுதான்.

இன்று அருங்காட்சியகங்களில் உள்ள அழகிய குவளைகள் பல, கல்லறைத் திருடர்கள் தோண்டி விற்றவை. எந்த ஊர், யாருடைய கல்லறை, பக்கத்தில் என்ன இருந்தது என்று இனி அறிய வழியில்லை. இழப்பின் அளவை உணர குவாத்தமாலாவின் ரியோ அசுல் போதும். 1984இல் அங்கே தொல்லியலாளர்கள் முறையாகத் திறந்த கல்லறையில் திருகுமூடி போட்ட பானை ஒன்று கிடைத்தது. அதன்மேல் எழுதியிருந்த சொல்லை டேவிட் ஸ்டூவர்ட் ‘ககாவ்’, அதாவது கொக்கோ, என்று படித்தார். உள்ளே ஒட்டியிருந்த கசடை ஆய்வகத்தில் சோதித்தபோது, அதிலும் கொக்கோவே இருந்தது.