கையொப்பமிடுமுன்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலிருந்து இருதய நோயாளியை மதுரைக்கு அழைத்து வரும் குடும்பத்தார், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு தாளைக் கையிலேந்தித் திகைத்து நிற்பதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். "இரத்தக் குழாய் கிழியலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம் என்று எழுதியிருக்கிறதே சாமி, கையெழுத்துப் போடலாமா?" என்பதே அவர்கள் கேள்வி. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் டாக்டர் குருன்ட்சிக், அடைபட்ட இருதயக் குழாயைச் சிறு பலூனால் விரித்தார். ஆயினும், விரிந்த குழாய் சிலருக்குத் திடீரென மூடிக்கொள்ளவே, உடனடியாக மார்பைத் திறந்து அறுவை செய்ய நேர்ந்தது. குழாயை மூடவிடாமல் தாங்கி நிற்கும் உலோக வலைக்குழலாகிய ஸ்டெண்ட், 1986இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஆக, ஸ்டெண்டே ஒரு சிக்கலுக்குக் கண்ட பரிகாரமாகும்.

குழாயில் துளை விழுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. நேர்ந்தால், மருத்துவர் அதே பலூனை அவ்விடத்தில் விரித்துக் கசிவை அடைப்பார். அது போதாதெனில், மெல்லிய உறை போர்த்த ஸ்டெண்டைப் பொருத்தித் துளையை மூடுவார். இருதயத்தைச் சூழ்ந்த பையில் இரத்தம் தேங்கி அதனை நெருக்கினால், ஊசி செலுத்தி வெளியேற்றுவார். சிலருக்கு அறுவையும் தேவைப்படும். எல்லா உயிரையும் காத்துவிட இயலும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், தாளில் கண்ட ஆபத்துகள் மருத்துவர் கைகழுவுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. அவர் எதிர்நோக்கி ஆயத்தமாயிருப்பவை.

மற்றொரு சிக்கல், வீடு திரும்பிய பின் ஸ்டெண்டினுள் இரத்தம் உறைவது. அரிதே எனினும் மிகக் கொடியது. இதனைத் தடுப்பதில் குடும்பத்தாருக்குப் பெரும் பங்குண்டு. ஆஸ்பிரினும் அதனோடு தரப்படும் குளோபிடோக்ரல் போன்ற மாத்திரையும் மருத்துவர் குறித்த காலம்வரை ஒருநாளும் தவறலாகாது. வலியில்லை என்றோ, பணமில்லை என்றோ, தவக்கால உபவாசம் என்றோ, பல் பிடுங்க வேண்டும் என்றோ தாமாக நிறுத்துவது பெருந்தவறு. முதலில் இருதய மருத்துவரைக் கேளுங்கள். மார்பு வலி மீண்டும் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

ஆகவே, கையொப்பமிடுமுன் கேளுங்கள்: துளை விழுந்தால் என்ன செய்வீர்கள்? அவசர அறுவைக்கு இங்கே வசதியுண்டா? சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, முன்பு நேர்ந்த இரத்தப்போக்கு எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டுத் தெளிந்து இடும் கையெழுத்தே அச்சமின்றி இடும் கையெழுத்து.