பார்வையற்றோரும் சமையற் கருவிகளும்

சமைப்பதற்குக் கண் இன்றியமையாதது என்று பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. கடுகு வெடிப்பதைக் காது அறியும். வெங்காயம் வதங்குவதை மூக்கு அறியும். மாவின் பதத்தை விரல் அறியும். இப்புலன்களின் துணைகொண்டு பார்வையற்றோர் நெடுங்காலமாகச் சமைத்து வருகின்றனர். இன்று அவர்களுக்கு இடையூறாக நிற்பது சமையற்கலையன்று, கருவிகளின் முகப்பேயாகும்.

ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் தோஷிபா நிறுவனம், சோறு வெந்ததும் தானே அணையும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் காணப்படும் எளிய வகையில் ஒரே ஒரு விசைதான் உண்டு. பானையின் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. நீர் உள்ளவரை பானையின் சூடு 100 பாகை செல்சியசைப் பெரிதும் தாண்டுவதில்லை. நீர் வற்றியதும் சூடு ஏறும். காந்தம் ஈர்ப்பை இழக்கும். விசை 'டக்'கென்ற ஒலியுடன் விடுபடும். இவ்வமைப்பு பார்வையற்றோரைக் கருதிச் செய்யப்பட்டதன்று. எனினும், அழுத்தியதை விரலும் வெந்ததைக் காதும் அறிவதால் அது அவர்களுக்கு நன்கு பொருந்துகிறது.

புதிய கருவிகளின் நிலை வேறு. இண்டக்‌ஷன் அடுப்பிலும், பல மைக்ரோவேவ் அடுப்புகளிலும் குமிழ் மறைந்து, வழவழப்பான கண்ணாடி வந்துவிட்டது. விரல் அருகே வந்ததும் கண்ணாடிக்கு அடியிலுள்ள மின்புலம் மாறுகிறது. அதையே கருவி கட்டளையாகக் கொள்கிறது. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. பார்வையற்றவர் பொத்தானைத் தடவித் தேடியே கண்டறிய வேண்டும். ஆனால் தடவுவதே கட்டளையாகிவிடுகிறது! தேடும்போதே அடுப்பு எரியலாம், அல்லது அணையலாம். குமிழிலும் ஒரு வேறுபாடு உண்டு. தொடக்கமும் முடிவும் உடைய குமிழின் நிலையை விரல் உணரும். முடிவின்றிச் சுழலும் குமிழோ எந்த நிலையில் நிற்கிறது என்பதைத் திரை மட்டுமே காட்டும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அழுத்தி இயக்கும் பொத்தான்கள்மீது சிறு மேட்டுப் புள்ளிகளை ஒட்டலாம். தொடுகண்ணாடியாயின், பொத்தானுக்கு அருகே, விளிம்பில் ஒட்டுதல் நலம். பிரெயில் எழுத்து மட்டும் போதுமா எனின், போதாது. முதுமையில் பார்வை இழந்தோர் பலர் பிரெயில் கற்றவரல்லர். நீரிழிவினால் பார்வை இழந்தோரிற் சிலருக்கு விரல் நுனியின் உணர்ச்சியும் குன்றியிருக்கும். ஆகவே பெரிய புள்ளியும் தெளிவான ஒலியும் ஒருங்கே வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி வழியே இயக்குவதும் உதவும். ஆயினும் செயலியே பேசாததாக இருந்தால் பயனில்லை.

வீட்டார் ஒட்டும் புள்ளியைவிட, ஆலையிலேயே வார்க்கப்படும் புள்ளி உறுதியானது. 2011ஆம் ஆண்டில் வெளியான அனைத்துலகத் தர நியமம், நுகர்பொருள்களில் இத்தகைய தொடுகுறிகளை எவ்வாறு அமைப்பது என்று வகுத்துள்ளது. ஒரு கருவியில் தொடக்கத்திற்குப் புள்ளியும், நிறுத்தத்திற்குக் கோடும் இருந்தால், வேறு கருவியை வாங்குபவர் மீண்டும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

உடற்குறையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. அதனை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் உறுதிப்படுத்தின. யாவருக்கும் பயன்படும் பொருள் வடிவமைப்பை அவ்வுடன்படிக்கை வலியுறுத்துகிறது. ஆயினும் சட்டங்களின் கவனம் பெரும்பாலும் அடுக்களைக்கு வெளியேயே நிற்கிறது. 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டங்கூட கைத்தொலைபேசி, கணினி, பணம் வழங்கும் இயந்திரம் போன்றவற்றையே குறிப்பிடுகிறது; அடுப்பைக் குறிப்பிடவில்லை.

சட்டம் வரும்வரை, வாங்குவோர் கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கருவியை இயக்கி, நிறுத்த முடிகிறதா என்று பார்த்தல் வேண்டும். முடியாவிடில் அதைக் கடைக்காரரிடம் சொல்லுதலும் நன்று. தன் வீட்டில் தன் சோற்றைத் தானே ஆக்கி உண்ண ஒருவருக்குள்ள உரிமை, ஒரு கண்ணாடித் தகட்டினால் பறிபோகலாகாது.